ஓடமும் தூண்டிலும்

ஆண்டுதோறும் ஜூன் மாதம் 15 ஆந் திகதி நள்ளிரவு நெருங்கும்போது, இங்கிலாந்தின் தேம்ஸ் நதிக்கரையிலே அங்குமிங்குமாகச் சிறு விளக்குகள் தோன்றும். மடக்கு நாற்காலி, பெரிய குடை, தேநீர்க் குடுவை, இரைப்பெட்டி, நீண்ட தூண்டிற் கோல்கள் ஆகியவற்றோடு மனிதர் வந்து அமர்ந்திருப்பர். பேச்சு அதிகம் இராது. மணி பன்னிரண்டு அடித்ததும் முதலாவது தூண்டில் நீரிலே விழும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மீன்கள் முட்டையிட்டுப் பெருகுங் காலமாதலின், அந்நாட்டு ஆறுகளிலே அவ்வகை மீன்களுக்குத் தூண்டிலிடுதல் விலக்கப்பட்டுள்ளது. 1878 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் ஏற்பட்ட வழக்கம் இது. மூன்று மாதம் கோலைத் துடைத்துத் துடைத்து வைத்துக் காத்திருந்தவருக்கு ஜூன் 16 ஒரு திருநாள்.

அவ்வாறு வந்தமர்ந்தவர் செய்வது என்ன? ஓரிடத்தைத் தெரிந்துகொண்டு, அங்கே சிறிது சிறிதாக இரையை நீரிலே தூவுகின்றார். மீன் கூட்டம் அவ்விடத்தை நாடி வரவேண்டும். வந்தபின் அங்கேயே தங்கவேண்டும். இதற்கு ஒரு மணி நேரமும் ஆகலாம், மூன்று மணி நேரமும் ஆகலாம். பின்னர் மிதப்பு மெல்ல அசைகின்றது. இழுத்தெடுத்த மீனை ஈரக்கையினாற் பிடித்து, முள்ளை அகற்றி, மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுகின்றார். கறிக்கு உதவாத இந்த மீன்பிடி நேயர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் அங்கே பெரும்பாலோர் கையாளும் முறை இதுவே.

இனி, அதே ஆற்றின் வளைவிலே ஒரு படகு தோன்றுகின்றது. ஒரு வார விடுமுறைக்காக வாடகைக்கு எடுத்த இயந்திரப் படகு அது. அதிலே தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள்; முந்திய நாள் மாலை வரை அவர்களில் எவரும் சுக்கானைத் தொட்டதில்லை. தகப்பனுடைய கண் முழுவதும் எதிரே தெரியும் பாலத்தின் வளைவிலேயே இருக்கின்றது. கரையோரத்துப் புல்லிடையே பச்சைக் குடையின் கீழிருக்கும் மனிதரை அவர் காணவில்லை. கண்டபோது படகு இரையிட்ட இடத்தின் மீதே ஏறிவிட்டது. ஒருவர் கையை உயர்த்திச் சத்தமிடுகின்றார். மற்றவர் காரணம் விளங்காமல் கையசைத்து வணக்கஞ் சொல்லுகின்றார். கரையிலிருப்பவர் அதனைக் கேலியென்று எண்ணிக்கொள்கின்றார். மூன்று மணி நேரத்து உழைப்பு அரை நிமிடத்திலே கலைந்துபோகின்றது.

இத்தகைய பிணக்கு இன்று நேற்று உண்டானதன்று. 1215 ஆம் ஆண்டு ஜூன் 15 ஆந் திகதி, தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ரன்னிமீட் என்னும் புல்வெளியிலே ஜோன் மன்னன் இணங்கிய மகா சாசனத்தை எல்லோரும் அறிவர். நீதி விசாரணையின்றி எவரையுஞ் சிறையிடலாகாது என்ற விதிக்காகவே அது போற்றப்படுகின்றது. ஆனால் அதன் 33 ஆவது பிரிவை நினைப்பவர் சிலரே. தேம்ஸ், மெட்வே ஆகிய நதிகளிலிருந்தும், கடற்கரை நீங்கலாக இங்கிலாந்து முழுவதிலுமிருந்தும், மீன்பிடி அடைப்புக்கள் யாவும் அகற்றப்படவேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். ஆற்றுக்குக் குறுக்கே முளைகளை நாட்டி, இடையே படலும் வலையும் கட்டி மீனை மறிப்பது அக்காலத்து வழக்கம். மீன்காரருக்கு அது வாழ்வு. சரக்குத் தோணிக்கோ அது தடை. அரசனுக்கும் பிரபுக்களுக்குமிடையே நடந்த பெரும் வழக்கிலே, தோணிக்காரனுக்கும் மீன்காரனுக்கும் இடையிலான வழக்கும் ஓர் ஓரத்திலே இடம்பெற்றுவிட்டது. சாசனம் பிறந்த அதே ஜூன் 15 ஆந் திகதியிலேயே இன்று தூண்டில் விலக்குக் காலமும் முடிவுறுவது தற்செயலான ஒற்றுமைதான். ஆயினும் சுவையான ஒற்றுமை.

சாசனம் எழுதியதனால் அடைப்புக்கள் உடனே மறைந்துவிடவில்லை. அவற்றோடு மாவாலைக்காரரின் அணைகளும் ஆற்றை மறித்து நின்றன. ஆலைக்காரன் தன் அணையின் பலகைகளைத் தூக்கினால், குளத்து வான் பாய்வது போல நீர் சீறிப் பாயும். கீழ்நோக்கிச் செல்லும் தோணிகள் அவ்வெள்ளத்தோடு துணிந்து இறங்கவேண்டும். மேல்நோக்கி வருவனவற்றைக் கயிறு கட்டி இழுக்கவேண்டும். இதிலே தோணிகள் கவிழ்ந்ததும் உண்டு, உயிர்கள் போனதும் உண்டு. இருபுறமுங் கதவிட்ட தொட்டிகளாகிய ‘லொக்’குகள் 1630 ஆம் ஆண்டுகளிலே ஒக்ஸ்போட் நகரை அடுத்து அமைக்கப்பட்ட பின்னரே நிலைமை மெல்ல மாறிற்று. இப்பொழுது கடலின் ஏற்றவற்றம் எட்டாத மேலாற்றிலே, ரெடிங்ரன் வரைக்கும் 44 லொக்குகள் உள்ளன.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இரயில்வண்டி வந்தது. சரக்குத் தோணிகள் குறைந்தன. அவற்றின் இடத்தை நகரத்து மாந்தர் பிடித்துக்கொண்டனர். சனிக்கிழமை பிற்பகலில் இலண்டனிலிருந்து ஒரு மணி நேரத்திலே ஆற்றங்கரையை அடையலாம் என்றால் யார்தான் வீட்டிலிருப்பர்? துடுப்புப் படகுகளும், கோலூன்றும் தட்டைப் படகுகளும், புகை கக்கும் நீராவி வள்ளங்களும் நதியை நிரப்பின. தொழிலுக்கான ஆறு பொழுதுபோக்குக்கான ஆறாயிற்று. பிணக்கோ முன்னையிலும் பெருகிற்று. தொழிலாளர் இருவர் மோதினால் நட்டக்கணக்கோடு விவகாரம் முடியும். விடுமுறைக்கு வந்தவர் இருவர் மோதினால் எளிதில் முடிவதில்லை.

அக்காலத்து ஆற்றுக் கோபங்களை அறிய விரும்புவோர் ஜெரோம் கே. ஜெரோம் 1889 ஆம் ஆண்டிலே வெளியிட்ட ‘ஒரு படகில் மூவர்’ என்ற நகைச்சுவை நூலைப் படிக்கலாம். பாய் விரித்து வேகமாகச் செல்லும் நண்பர் மூவரும், மீன்பிடிக்கும் முதியோர் மூவர் இருந்த தட்டைப் படகின்மேல் தம் படகை மோதி, வாங்கிக்கட்டிக்கொள்வது அதிலே ஒரு காட்சி. நீராவி வள்ளங்களை அந்நூலின் கதாநாயகன் மனமார வெறுக்கின்றான். அவை ஊதி ஊதி வழிகேட்டாலும் வேண்டுமென்றே வழிமறித்து நிற்கின்றான். ஆனால் பின்னர் ஒரு நாள், நண்பர் சிலரின் நீராவி வள்ளம் இவர்களுடைய படகைக் கட்டியிழுத்துச் செல்லுகின்றது. அப்பொழுது என்ன நிகழ்கின்றது? எதிரே வரும் சிறு படகுகள் யாவும் அவனுக்கு இடைஞ்சலாகத் தோன்றுகின்றன! அவை ஏன் வழிவிடுவதில்லை என்று சினக்கின்றான். சிரிப்பதற்காக எழுதப்பட்ட பகுதியே. ஆயினும் ஆற்றுமரியாதையைப் பற்றிய முழு உண்மையும் அதற்குள் அடங்கிவிட்டது. மனிதன் எங்கே அமர்ந்திருக்கின்றானோ அங்கிருந்தே நியாயத்தைப் பார்க்கின்றான்.

சட்டம் இதற்கு வழி சொல்லாதா என்று கேட்கலாம். சட்டம் இருவருக்கும் உரிமை அளித்திருக்கின்றது; தொல்லையும் அங்கேதான் தொடங்குகின்றது. தேம்ஸ் நதியிலே படகோட்டுவது பொதுமக்கள் அனைவரின் உரிமை. 1885 ஆம் ஆண்டுத் தேம்ஸ் பாதுகாப்புச் சட்டம் இதனை உறுதிசெய்தது. மீன்பிடி உரிமையோ வேறு. ஸ்ரெயின்ஸ் என்ற ஊருக்கு மேலே அது பெரும்பாலும் கரைநிலத்துச் சொந்தக்காரரைச் சேர்ந்தது. அவரிடமிருந்து தூண்டிற் சங்கங்கள் குத்தகைக்கு எடுத்துக்கொள்கின்றன. அதற்குக் கீழே ரெடிங்ரன் வரை அனுமதிப்பத்திரம் உள்ள எவரும் தூண்டிலிடலாம். ஆகவே கரையிலிருப்பவரும் பணங்கொடுத்து வந்தவர், படகிலிருப்பவரும் பணங்கொடுத்து வந்தவர். இருவருக்கும் ஒரே நீர். ஒருவரது உரிமை மற்றவரது உரிமையின் மீது மிதந்து செல்லுகின்றது.

வேகத்தைப் பற்றி மட்டும் விதி தெளிவாக உண்டு. மேலாற்றிலே மணிக்கு 8 கிலோமீற்றருக்கு மேற் செல்லலாகாது. விரைந்து நடக்கும் ஒருவரின் வேகம் அது. எனினும் விதிக்குட்பட்ட வேகமும் சில இடங்களிலே மிகையாகும். படகின் பின்னெழும் அலை, வேகத்தை மாத்திரம் பொறுத்ததன்று. படகின் வடிவத்தையும், ஆற்றின் ஆழத்தையும், அகலத்தையும் பொறுத்தது. ஆழமற்ற இடத்திலே பாரமான படகு மெல்லச் சென்றாலும் கரைநீரை முதலில் உறிஞ்சி இழுத்து, பின்னர் திருப்பி அறையும். கரைமண் சிறிது சிறிதாகக் கரைந்து விழுகின்றது. மரவேர் வெளியே தெரிகின்றது. நாணலிடையே கட்டிய நீர்க்கோழிக் கூடு நனைகின்றது. ஆழத்திலே பெரிய மீனுக்குப் பயந்து கரையோர ஆழமற்ற நீரிலே ஒதுங்கியிருக்கும் சிறு குஞ்சுகள் நிலைகுலைகின்றன. தூண்டிற்காரரின் சினத்திலே பாதி தமது பொழுதைப் பற்றியதாயினும், மற்றப் பாதி இவற்றைப் பற்றியது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். படகோட்டி தம் அலையை அறிய ஒரே வழி திரும்பிப் பார்ப்பதுதான். கரையிலே நாணல் தலையாட்டினால் வேகம் அதிகம் என்பது பழகியவர் காணும் அளவு.

நல்ல படகோட்டி எவ்வாறு கடந்து செல்வார்? தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பார். இது முக்கியமானது. தூண்டிற்காரரின் முன்னால் வந்தபின் திடீரென்று இயந்திரத்தைத் தணித்தால், பின்னால் வந்துகொண்டிருக்கும் அலை படகை முந்திக்கொண்டு நேரே கரையிலேதான் மோதும். மரியாதை செய்ய எண்ணித் தீங்கு செய்ததாக முடியும். ஒரே சீராக, நடு ஆற்றிலே செல்வார். கரையிலிருப்பவருக்கு இடங்கொடுப்பதாக எண்ணி மறுகரையை ஒட்டிச் செல்வதும் எப்பொழுதும் நன்றன்று. குறுகிய இடத்திலே தூண்டில் மறுகரையோரத்து மர நிழலிலேயே கிடக்கக்கூடும். பெரிய மீன் நிற்பது அங்கேதான். ஐயமிருந்தால் கரையிலிருப்பவரின் முகத்தைப் பார்க்கவேண்டும். அவர் கையாற் காட்டும் பக்கமே சரியான பக்கம். கூக்குழல் ஊதுவது, நின்று ‘மீன் கிடைத்ததா’ என்று விசாரிப்பது, அவருக்கு எதிரிலேயே முளையடித்துப் படகைக் கட்டுவது ஆகியன வேண்டாதவை. இவற்றுள் நடுவிலுள்ளது அன்பினால் நேர்வது என்றாலும், அந்த விசாரிப்பு முடியும்வரை படகு அங்கேதானே நிற்கின்றது!

கரையிலிருப்பவரும் அறியவேண்டியவை உள. அவற்றைச் சொல்பவர் குறைவு; ஏனெனில், அசையாதிருப்பவர் எப்பொழுதும் குற்றமற்றவராகவே தோன்றுகின்றார்.

முதலாவது, எல்லாப் படகும் ஒரே வகையாக நடப்பதில்லை. துடுப்பு வலிப்பவர் செல்லுந் திசைக்கு முதுகைக் காட்டியபடி அமர்ந்திருக்கின்றார். தனியே வலித்து வரும் இளைஞர் அடிக்கடி தோளின் மேலாகத் திரும்பிப் பார்த்தாலும், இரண்டு பார்வைக்கிடையே வெகுதூரம் வந்துவிடுவார். அவர் அலட்சியஞ் செய்யவில்லை, காணவில்லை. நேரத்தோடு ஒரு குரல் கொடுப்பது கரையிலிருப்பவரின் கடமை. பாய்மரப் படகின் நிலை வேறு. காற்று எதிரே அடிக்கும்போது அது நடு ஆற்றிலே நேராகச் செல்ல இயலாது. கரைக்குக் கரை சாய்ந்து சாய்ந்தே முன்னேறவேண்டும். அது தூண்டிலை நோக்கி வருவது போலத் தோன்றிக் கடைசி நேரத்திலே திரும்பும். அவ்வாறு வரும் படகைப் பகையாக எண்ணலாகாது.

இயந்திரப் படகுக்கும் ஒரு கட்டாயம் உண்டு. சுக்கான் வேலை செய்ய அதனைக் கடந்து நீர் ஓடவேண்டும். மழைக்குப்பின் ஆறு விரைந்தோடும் நாட்களிலே, நீரோட்டத்தோடு கீழ்நோக்கி வரும் படகு ஆற்றைவிடச் சற்று விரைவாகச் சென்றாலன்றிச் சுக்கானுக்குக் கட்டுப்படாது. கரையிலிருந்து ‘மெதுவாகப் போ’ என்று கூவுவது எளிது. அதைக் கேட்டு இயந்திரத்தை முற்றாகத் தணித்த புதியவர், படகு குறுக்கே திரும்பிப் பாலத்தூணை நோக்கியோ அணையை நோக்கியோ இழுபடுவதைக் காண்பார். இத்தகைய நாட்களிலே லொக்குகளில் மஞ்சட் பலகையோ சிவப்புப் பலகையோ தொங்கும். சிவப்புக் கண்டால் படகுகள் புறப்படாதிருப்பதே முறை. வழியிலே அகப்பட்டுக்கொண்ட படகு ஒன்று ஒதுங்க இடந்தேடி வந்தால், அப்போது தூண்டிலைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லை. கயிற்றைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

லொக்கின் வாயிலிலே படகுகள் ஒதுங்கி நிற்பதற்கென்று கட்டப்பட்ட மேடைகள் உள்ளன. நீர் ஆழமாகவும், உட்கார வசதியாகவும் இருப்பதால் தூண்டிற்காரருக்கு அவற்றின்மேல் ஒரு கண். ஆனால் பக்கத்திலேயே அணை இருக்கின்றது. கதவு திறக்கும் வரை படகு அம்மேடையைப் பற்றிக்கொண்டு நிற்கவேண்டும். கயிற்றோடு ஒருவர் அதிலே குதித்து இறங்கவேண்டும். அவர் இறங்குமிடத்திலே நாற்காலியும் கோல்களும் பரவிக் கிடந்தால், ஒரு கணத் தயக்கத்திலே கயிறு தவறுகின்றது. படகின் முகம் அணைப்பக்கம் திரும்புகின்றது. இங்கே பேசப்படுவது வெறும் நாகரிகமன்று. வாடகைப் படகின் முகப்பிலே கயிற்றோடு நிற்பவர் பெரும்பாலும் வீட்டிலே எல்லாரிலும் சுறுசுறுப்பான பிள்ளையாகத்தான் இருக்கும்.

படகு வருமுன் கோலை உயர்த்திக்கொள்வதும், அல்லது கோலின் நுனியை நீருள் அமிழ்த்தி நூலைப் படகின் அடிக்குக் கீழே தாழவிடுவதும் பழகிய தூண்டிற்காரரின் வழக்கங்கள். இப்போது கரிநாரினாற் செய்த கோல்கள் வந்துள்ளன. பாகம் பாகமாகப் பொருத்தினால் 16 மீற்றர் வரை நீளும். அவற்றை உயர்த்த முடியாது. பின்னோக்கித் தள்ளியே எடுக்கவேண்டும். அதற்குச் சிறிது நேரம் வேண்டும் என்பதைப் படகோட்டி அறிதல் நன்று. பின்னோக்கித் தள்ளிய கோல், ஒரு காலத்திலே தோணியிழுத்த குதிரைகள் நடந்த பாதைக்குக் குறுக்கே கிடக்கும் என்பதைத் தூண்டிற்காரர் மறவாதிருத்தலும் நன்று. அப்பாதையிலே இப்போது நடப்போரும் துவிச்சக்கரவண்டிக்காரரும் மிகுதி.

அறுந்த தங்கூசி நூலை ஆற்றிலே விடுவது எல்லாவற்றினும் பெரிய குற்றம். அது படகின் சுழல்விசிறித் தண்டிலே சுற்றிக்கொண்டு, நீரை உட்புகவிடாது தடுக்கும் அடைப்பை அறுத்துவிடும். படகுக்காரர் அதை அறியும்போது பழுது பெரிதாகியிருக்கும். படகுக்காவது பழுதுபார்ப்பார் உண்டு. அன்னப்பறவைக்கு? நூல் சுற்றிய அன்னம் கழுத்தை மடக்க இயலாமல் வாடுகின்றது. ஈயக்குண்டுகளின் கதை இதனினுங் கொடிது. நூலிலே கட்டும் சின்னஞ்சிறு ஈயக்குண்டுகள் சிந்திச் சேற்றிலே கிடக்க, அன்னங்கள் அவற்றைப் பரற்கற்களென்று விழுங்கி நஞ்சேறி மடிந்தன. தேம்ஸ் நதியின் அன்னங்கள் கண்கூடாகக் குறைந்தன. 1987 ஆம் ஆண்டு முதல் அவ்வீயக்குண்டுகளின் விற்பனை தடைசெய்யப்பட்டது; அதன்பின் அன்னங்கள் மீண்டும் பெருகலாயின. தூண்டிற்காரரும் படகோட்டியும் ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டிருந்த அதே ஆற்றிலே, இருவரிடமும் முறையிட வாயற்ற ஓர் உயிர் மடிந்துகொண்டிருந்தது.

இவ்வளவும் எழுத்திலும் உள்ளன. நதியை மேற்பார்வை செய்யும் பொறுப்பு 1857 இல் ஏற்பட்ட தேம்ஸ் காப்பகத்திலிருந்து கைமாறிக் கைமாறி, 1996 முதல் சுற்றாடல் முகவராண்மையிடம் இருந்து வருகின்றது. படகோட்டிகளுக்கான அறிவுரைகளும் தூண்டிற்காரருக்கான அறிவுரைகளும் அச்சாகின்றன. ஆயினும் படகோட்டிக்கான ஏட்டைப் படகோட்டியும், தூண்டிற்காரருக்கான ஏட்டைத் தூண்டிற்காரருமே படிக்கின்றனர். மாற்றிப் படித்தால் பயன் அதிகமாகும் போலும்.

நடைமுறையிலே இருதரத்தாரும் ஏட்டைவிட நாழிகையை நம்பியே இணங்கி வாழ்கின்றனர். கோடையிலே லொக்குக் காவலர் கடமைக்கு வருவது காலை ஒன்பது மணியளவிலே. அதற்கு முன் நகரும் படகுகள் சில. வாடகைப் படகுகள் இருட்டியபின் செல்லலாகாது. ஆகவே விடியற்காலையும் அந்திப்பொழுதும் கரையிலிருப்பவருக்கு, நடுப்பகல் படகுக்காரருக்கு. மீன்களும் வெயிலேறிய நடுப்பகலிலே இரையை அதிகம் நாடுவதில்லையாதலால், இவ்வேற்பாட்டுக்கு அவற்றின் சம்மதமும் உண்டு எனலாம். தம் வழக்கம் அறிந்த தூண்டிற்காரர் பத்து மணிக்குக் கோலை வைத்துவிட்டுத் தேநீர் அருந்துகின்றார். கடந்து செல்லும் படகுகளுக்குத் தாமே முதலில் கையசைக்கின்றார்.

மாலையிலே கடைசிப் படகு வளைவைக் கடந்து, புல்வெளியோரத்திலே முளையடித்துத் தன்னைக் கட்டிக்கொள்கின்றது. படகுக்குள் விளக்கு ஏற்றப்படுகின்றது. நீர் தெளிந்து அமைதியாகின்றது. சற்றுக் கீழே, நாணலிடையே, குடையை மடக்கி வைத்துவிட்டு ஒருவர் மீண்டும் இரையைத் தூவத் தொடங்குகின்றார்.